இருபத்தேழாம் பக்கத்தில் ஒரு வரி

அச்சகத்தில் அந்தப் பெண்மணியை எல்லோரும் ‘பூதக்கண்ணாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் பொடி எழுத்துத் தாள்களில் பிழை பார்ப்பது அவர் வேலை. பதினான்கு வருஷத்தில் அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு காற்புள்ளிகூடத் தப்பியது கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முன் அவருக்கு இதய வால்வு மாற்றினார்கள். அன்றிலிருந்து தினமும் மாத்திரை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. செலவையெல்லாம் அச்சகம் எடுத்திருந்த குழுக் காப்பீடுதான் பார்த்துக்கொண்டது.

திடீரென்று அச்சகத்தை விற்றுவிட்டார்கள். மாதக் கடைசியோடு யாருக்கும் வேலை இல்லை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அவர் முதலில் விசாரித்தது காப்பீட்டைப் பற்றி. கடைசி நாளோடு அதுவும் போச்சு என்றார் பணியாளர் பிரிவு அதிகாரி. வெளியே புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருஷம் ஒன்றும் கிடைக்காதாம். வால்வு என்றதுமே பாதிக் கம்பெனிகளில் விண்ணப்பத்தையே வாங்கமாட்டார்களாம்.

வீட்டில் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த கணவர், மூன்று வருஷம் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றினார்.

“என் வால்வுகிட்ட அத யாரு போய்ச் சொல்றது?” என்றார் இவர்.

கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் அச்சகத்தில் அவர் அதிகாரியிடம் காப்பீட்டு விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். நாற்பத்திரண்டு பக்கம். யாரும் புரட்டாததால் தாள்கள் ஒட்டிக் கிடந்தன. மதிய இடைவேளையில் அளவுகோலை வைத்து வரி வரியாகப் படித்தார். இரண்டாம் நாள், இருபத்தேழாம் பக்கத்தில் அது அகப்பட்டது: வேலையிலிருந்து விலகுபவர் முப்பது நாளுக்குள் எழுதிக் கேட்டால், அதே நிறுவனத்தில் தனிநபர் காப்பீட்டுக்கு மாறலாம், குழுவில் இருந்த வருஷங்கள் அந்த மூன்று வருஷக் காத்திருப்புக் காலத்தில் கழிந்துவிடும். தவணையை மட்டும் இனி அவரே கட்ட வேண்டும்.

வேலை முடிந்த மறுநாளே காப்பீட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். அப்படி ஒரு திட்டமே இல்லை என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். அடுத்த முறை போனபோது, மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். அதன்பின் போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. இருபத்துநான்காம் நாள் கணவரையும் கூட்டிக்கொண்டு நேரே மேலாளர் அறைக்குப் போனார்.

“வழக்கமா நாங்க இப்படிப் பண்றதில்லம்மா,” என்றார் மேலாளர்.

“வழக்கத்த நான் கேக்கல சார். உங்க கம்பெனி அச்சடிச்சுக் குடுத்ததக் கேக்கறேன். முடியாதுன்னா, இந்தப் பக்கத்து நம்பரப் போட்டு, முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

மேலாளர் பேனாவை எடுத்தார். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போய் விண்ணப்பப் படிவத்தைத் தானே எடுத்து வந்தார். அன்று மாலையே காப்பீட்டுப் பத்திரம் கைக்கு வந்தபோது, அவசரத்தில் பிறந்த வருஷத்தைத் தப்பாக அடித்திருந்தார்கள். அதைத் திருத்தி வாங்கிய பிறகுதான் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

வாசலுக்கு வந்ததும் பழைய ஆட்களுக்குப் போன் போட ஆரம்பித்தார். பைண்டிங் பிரிவு மேஸ்திரிக்குச் சர்க்கரை. மெஷின்காரரின் மனைவிக்கு டயாலிசிஸ். இன்னும் ஆறு நாள் இருக்கிறது, கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வாருங்கள் என்று ஒவ்வொருவரையும் விரட்டினார். அந்த வாரம் ஒன்பது பேர் மாறினார்கள். கவுன்ட்டர் பெண் கடைசியில், “அச்சகமா? உக்காருங்க,” என்று படிவத்தைத் தயாராக எடுத்து வைத்திருந்தாராம்.

நான்காம் மாதம், வேறு வேலை அமையும் முன்பே, அவருக்கு மூச்சு வாங்கியது. வால்வில் ரத்தக்கட்டி. ஆஸ்பத்திரியில் கணவர் பத்திரத்தை நீட்டினார். காத்திருப்புக் காலம் எதுவும் பாக்கியில்லை என்று ஒரு மணி நேரத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதி வந்தது.

எட்டாம் நாள் அவர் தன் காலாலேயே படியிறங்கி வந்தார். கணவர் பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டார். அடுத்த மாதம் பாடப்புத்தக அச்சகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.