பத்திரத்தில் விட்டுப்போன பத்தடி வழி

இருபத்தெட்டு லட்சம் என்று வீட்டுக்கு விலை பேசி முடித்த அன்று, செலவு அதோடு முடிந்தது என்று நினைத்த முட்டாள் நான். காக்களூரில் மெஷின் பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பதினெட்டு வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் நிற்கிறேன். டிராயிங்கையும் பீஸையும் ஒப்பிட்டுப் பார்த்து, துளி அளவு தவறினாலும் ஒதுக்கி வைப்பது என் வேலை. என் குடும்பத்திலும் கணவர் குடும்பத்திலும் சொந்தப் பேரில் ஒரு பிடி மண் வாங்கியவர் யாரும் இல்லை. காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். என் பி.எஃப். பணம், கணவர் எடுத்த சீட்டு, மீதிக்கு பேங்க் லோன் என்று சேர்த்துத்தான் அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தோம்.

கடம்பத்தூர் பக்கம் ஒரே ஆள் கட்டி விற்ற நாலு வீடுகள் அவை. ரோட்டைப் பார்த்து இரண்டு, பின்னால் இரண்டு. முன் வீடுகளுக்கு நடுவே பத்தடி வழி. எங்களுடையது பின் வீடு.

முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு. இரண்டரை லட்சத்துக்கு மேல் போயிற்று. வயிறு எரிந்தாலும் ஆன்லைனில் கட்டினேன், ரசீது வந்தது. அதில் எனக்குப் பேச்சில்லை. என் கோபமெல்லாம் பத்திரம் எழுதுகிறவர் நீட்டிய துண்டுச் சீட்டின் மேல்தான். எழுத்துக் கூலி, வீட்டு விலையில் நூற்றுக்கு ஒன்று. வில்லங்கச் சான்றுக்கு ஒரு தொகை, அதை நானே எடுத்துக் கையில் வைத்திருந்தும். கடைசியில் 'ஆபீஸ் செலவு' பதினைந்தாயிரம்.

"இது இன்னா செலவு சார்? பில்லு தருவீங்களா?"

"இதுக்கெல்லாம் யாரும்மா பில்லு குடுப்பாங்க? எல்லாரும் குடுக்கறதுதான்."

"கம்முனு இரு. பேஜாரு பண்ணிடப் போறாரு" என்று கணவர் என் கையைப் பிடித்தார். அவர் பயமும் நியாயம்தான். அக்ரிமெண்ட் கெடு முடிய நாலே நாள். தவறினால் அட்வான்ஸ் போய்விடும்.

பணத்தைக் கொடுத்தேன். கொடுத்த எரிச்சலில், வரைவைக் கொடுங்கள், படித்துப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பன்னிரண்டு பக்கம். மனை அளவு சரி, சர்வே எண் சரி. நான்கு எல்லைகளைப் படித்தபோது சந்தேகம் வந்தது. பத்தடி வழியில் போகவர உரிமை என்ற வரி எங்குமே இல்லை. முன் வீட்டை விற்றபோது அடித்த பத்திரத்தையே கம்ப்யூட்டரில் திறந்து, பேரையும் எல்லையையும் மட்டும் மாற்றியிருக்கிறார். முன் வீட்டுக்காரருக்கு ரோடே வாசல், வழி எதற்கு? எங்களுக்கு அது இல்லாவிட்டால் பறந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

அந்த வரியைச் சேர்க்கச் சொன்னேன். வாயே திறக்காமல் சேர்த்தார் என்று நினைக்காதீர்கள்.

"பக்கம் கூடுதும்மா. தனியா ஐநூறு ஆவும்."

அவர் விட்ட வரிக்கு என்னிடம் கூலி! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேஜையைப் புரட்டிப் போட்டிருப்பேன். நாலு நாள் கெடு என் கையைக் கட்டிப் போட்டது. ஐநூறையும் எடுத்து வைத்தேன்.

பதிவன்று சார்பதிவாளர் ஆபீஸ் பெஞ்சில் பக்கத்துப் பின் வீட்டை வாங்கிய பெண் உட்கார்ந்திருந்தாள். கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை, கைக்குழந்தை வேறு. அவள் பத்திரத்தை எழுதியவரும் அதே ஆள்தான். காட்டிய இடத்திலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லலாம் என்று எழுந்தேன். "நம்ம வேல முடிஞ்சிச்சி, வா" என்றார் கணவர். ஜெயித்துவிட்ட மிதப்பில் நானும் வந்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து முன் வீட்டுக்காரர் வழியில் இரும்பு கேட் போட்டார். நான் பத்திரத்தைக் காட்டியதும் ஒரு சாவி கொடுத்தார். "ஒங்களுதுல எழுதிக்கீது. அவங்களுதுல இல்லியே" என்று அவளுக்கு மட்டும் கையை விரித்துவிட்டார். பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டுமாம். விற்ற ஆள் மறுபடி வந்து கையெழுத்துப் போடத் தனியாகப் பணம் கேட்கிறார். எழுதியவரோ எல்லாம் சேர்த்து இருபதாயிரம் என்கிறார். தப்பு அவருடையது, தண்டம் அவளுக்கு. இதைக் கேட்க ஊரில் ஒரு நாதி இல்லை.

"அக்கா, அந்த ஒரு வரிக்கு உங்ககிட்ட எவ்ளோ வாங்கினாரு?" என்று நேற்று கேட்டாள்.

"ஐநூறு" என்றேன். அவள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, நான் கேட்டைத் திறக்கும்வரை தன் வீட்டுக்குப் போகக் காத்து நின்றாள்.