கூடுவாஞ்சேரிக்குப் போன இரண்டாவது பேஸ்

தாம்பரத்தைத் தாண்டி இருந்த எங்கள் கல்லூரிக்குப் பெரிய மைதானம் உண்டு என்று விளம்பரத்தில் படத்தோடு போட்டிருப்பார்கள். படம் எடுத்த அன்று மட்டும் கல்லூரி பஸ்களை வேறெங்கோ நிறுத்தியிருந்தார்கள்.

சாஃப்ட்பாலில் பந்தை அடித்துவிட்டு, மூன்று பேஸ்களைத் தொட்டுக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே ஓடிவர வேண்டும். பேஸ் என்பது தரையில் போடும் ஒரு சின்ன திண்டு, அவ்வளவுதான். அதுகூட எங்களிடம் இல்லை. எனவே புது சீசனுக்கான பயிற்சியில் அஸ்தினாபுரம் பஸ் முதல் பேஸ், கூடுவாஞ்சேரி பஸ் இரண்டாவது, கேளம்பாக்கம் பஸ் மூன்றாவது. டயரைத் தொட்டால் போதும்.

ஒருநாள் இரண்டாவது பேஸில் மூச்சு வாங்க நின்றிருந்தேன். டிரைவர் தலையை நீட்டினார்.

“இன்னாம்மா, டயரைப் புட்ச்சிகினு நிக்கிற? வண்டி எடுக்கணும்.”

“ரெண்டு நிமிஷம்ணா. நான் நகர்ந்தா அவுட்டு.”

“நகரலன்னாலும் அவுட்டுதான்” என்று வண்டியைக் கிளப்பினார். என் பேஸ் கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டது.

மறுநாள் அணியே திரண்டுபோய்த் தாளாளரிடம் மூன்று பேஸும், பஸ் நிற்காத மைதானமும் கேட்டோம். விளையாட்டுக்கு இந்த நிர்வாகம் என்றைக்கும் குறை வைத்ததில்லை என்றார். உடனே போட்டோகிராபரை வரவழைத்து, எங்களை மட்டையோடு நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள்.

சீசனுக்கு முன்பே புது பஸ் ஒன்று வந்தது. அதன் பக்கவாட்டில் ஆளுயரத்துக்கு எங்கள் படம். பந்து வீசுகிறவள் நிற்கும் இடத்தில் அதை நிறுத்தினார்கள்.