எட்டுச் சுழி, இரண்டு வில்

எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை எடுப்பது என் வேலை. பயிற்சி வகுப்பில் ஒரு வங்காள சப்-இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சொன்னார்கள். பத்து விரலில் எதிலெல்லாம் சுழி என்று கணக்குப் போட்டு, வந்து சேரும் ரேகைகளையெல்லாம் ஆயிரத்து இருபத்து நான்கு அறைகளில் பிரித்து வைக்க வெள்ளைக்காரன் காலத்திலேயே வழி கண்டவர். பெயரை மட்டும் மேலதிகாரி தட்டிக்கொண்டு போய்விட்டாராம். பீடா கடையில்கூட நான் அந்த வங்காளியின் புகழ் பாடுவேன். அலட்டல்தான், வேறென்ன.

அந்த ஐப்பசியில் பெருங்களத்தூர் பக்கம் ஏரியில் ஒரு பிணம் மிதந்தது. முகத்தை மீன் தின்றிருந்தது. மகனைக் காணோம் என்று புகார் கொடுத்திருந்த இட்லிக்கார அம்மாவை வரவழைத்தோம். மகன் முன்பு சைக்கிள் திருட்டில் மாட்டியவன்; அவன் ரேகைச் சீட்டு நகரத்துக் கைரேகை அலுவலகத்தில் இருந்தது.

“காலப் பாத்தா எம்புள்ள மாறியே கீது சார்” என்றார்.

“ரேகை பார்த்துச் சொல்றேம்மா. கண்ணு ஏமாத்தும், ரேகை ஏமாத்தாது.”

பிணவறையில் கால்மாட்டில் சாக்கடை தேங்கிக் கிடந்தது. அதனால் தலைமாட்டில் நின்று எடுத்தேன். உயிரோடிருப்பவர் எதிரே நின்றால் அவருடைய வலது கை என் இடப்பக்கம் வரும். தலைமாட்டில் நின்றால் அது வலப்பக்கம் என்பதை மறந்து, அந்தப் பழக்கத்தில், இடப்பக்கம் கிடந்த கையை வலது என்று மையில் உருட்டி அனுப்பிவிட்டேன். மகன் சீட்டின் சுழிக் கணக்கோடு ஒப்பிட்டபோது வேறாக வந்தது. வேறு கணக்கு என்றால் வேறு ஆள். இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

“உங்க பையன் இல்லம்மா” என்றேன். என் காலில் விழுந்து அழுதார். பெருமையாக இருந்தது எனக்கு. பிணத்தை அநாதை என்று புதைத்தார்கள்.

மறுவருஷம் இன்னொரு பிணம். பழையபடி தலைமாட்டில் நின்றேன். வலது கை என்று சீட்டில் எழுதிவிட்டு விரலைப் பிடித்தால், மணிக்கட்டில் வாட்ச். வாட்ச் கட்டுவது இடது கையில். ஸ்டேஷனுக்கு ஓடி ஏரிப் பிணத்தின் ரேகை நகலை எடுத்துக் கைகளை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எட்டுச் சுழி, இரண்டு வில். சுழியும் வில்லும் எந்தக் கை என்று காட்டாது; வளைய ரேகையாக இருந்திருந்தால் அது சாயும் பக்கத்தைப் பார்த்தே அலுவலகத்தில் பிடித்திருப்பார்கள். திருத்தி அனுப்பினேன். பத்தே நாளில் பதில் வந்தது. அவர் மகன்தான்.

அந்த ஒரு வருஷமும், “அவன் வந்து தேடுவான்” என்று ஒழுகும் குடிசையை விட்டு நகராமல் இருந்தார் அந்த அம்மா. போய்ச் சொன்னேன். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“எங்க சார் பொதச்சீங்கோ?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மத்தியானம் இடுகாட்டுக்குக் கூட்டிப்போனேன். மூலையில் அநாதைகளின் மேடுகள் ஏழு. எதிலும் நம்பர் இல்லை. எது என்று வெட்டியானுக்கும் தெரியவில்லை. அந்த அம்மா தூக்குவாளியைத் திறந்து ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் ஊற்றிக்கொண்டே போனார். ஆறாவதோடு தீர்ந்துவிட்டது.

ஏழாவது மேட்டருகே நின்று என்னைப் பார்த்தார். “இதுல இருந்தான்னா இன்னா சார் பண்றது?”

தூக்குவாளியை வாங்கிக்கொண்டு நான் டீக்கடையைத் தேடி ஓடினேன்.