பதினேழாம் நம்பரின் முறை

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொண்டார். முப்பத்தைந்து நிமிடம்.

கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன். பழவேற்காட்டில் எங்கள் கவிதை வட்டம் கூடும் மாடி அறையில் ஒரு சுவர்க் கடிகாரம் உண்டு. மூன்று மணிக்கு எழுந்து நின்றார் அந்த மீஞ்சூர்காரர். பிறந்த ஊர், படித்த பள்ளி, ஃபாக்டரியில் பார்க்கும் வேலை, தமிழ் மேல் வந்த காதல், அந்தக் காதலுக்குக் குறுக்கே வந்த மனைவி... எல்லாம் முடித்து அவர் மூச்சு வாங்கியபோது மணி மூன்று முப்பத்தைந்து. நான்கு புனைபெயர்கள் வைத்திருப்பதாகச் சொன்னார். கவிதை எத்தனை எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். மூன்று என்றார். பெயருக்கு ஒன்று கொடுத்தால்கூட ஒரு பெயர் பட்டினி கிடக்கும்.

மூன்றையும் அங்கேயே, அப்போதே படித்தார். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டிய செயலாளர் நான்தான். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு எங்கள் வட்டம் புதிதல்ல. நானே இங்கே இரண்டு மூன்று முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, பஷீர் பாய் வீட்டு மாடி. பாய் பரம்பரை வியாபாரி. இறாலும் கருவாடும் வாங்கி மெட்ராஸுக்கு அனுப்புகிறவர். கவிதை கேட்கப் பிடிக்கும், எழுத வராது. அதை அவரே சொல்வார். எங்கள் கூட்டத்தில் அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவர். நான் அனுப்பம்பட்டிலிருந்து பஸ் மாறிப் போகிறவன். மற்றவர்கள் பெரும்பாலும் வாத்தியார்கள், குமாஸ்தாக்கள்.

இந்த அறிமுகச் சடங்கைக் கண்டுபிடித்தவனும் நான்தான். புதிதாக வருகிறவர் எழுந்து நின்று ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பெயர் என்ன, ஊர் எது, தொழில் என்ன, பிடித்த கவிஞர் யார், அச்சில் வந்தது எத்தனை? சொல்லச் சொல்ல நான் ஒரு நீள நோட்டில் வரிசையாக நம்பர் போட்டு எழுதிக்கொள்வேன். நம்பர் எதற்கு? எதற்குமில்லை. நோட்டைக் கண்டால் இடது ஓரத்தில் நம்பர் போடுவது என் ஆபீஸ் கைக்குப் பழக்கம்.

அந்த எதற்குமில்லாத நம்பரை நம்பி ஒரு மனிதர் ஒன்பது மாதம் காத்திருந்தார். அது போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. இதை எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை.

மீஞ்சூர்காரர் உட்கார்ந்ததும், கடைசி வரிசையில் மாடிப்படி ஓரமாக இருந்த தேசப்பன் எழுந்தார். ஏரிக்கு அக்கரையில் ஒரு குப்பத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். படகில் ஏரியைக் கடந்து, நனைந்த வேட்டியைப் பிழிந்துவிட்டு மாடி ஏறி வருகிறவர்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"என் முறை எப்ப வரும்?"

எனக்குப் புரியவில்லை. அவர் மாடிப்படி ஓரம் உட்காருவதால், கீழே டீக்கடைக்குப் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வரும் வேலையை நான் அவர் தலையில் கட்டியிருந்தேன். முதலில் ஒரு மாதம், பிறகு மாதாமாதம். இனிமேல் டீக்கு ஆள் மாற்றி மாற்றிப் போகலாம் என்கிறாரோ என்று நினைத்தேன். நியாயம்தானே என்று தலையாட்டவும் செய்தேன்.

"கவிதை படிக்கிறதுக்கு சார்," என்றார். "நான் பதினேழு."

பங்குனி மாதம் அவர் முதன்முதலில் வந்த நாள் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுந்து நின்று அவர் தன்னை அறிமுகம் செய்துகொண்டது ஒரு நிமிடம்கூட இருக்காது.

"எம் பேரு தேசப்பன். நைனா பேரு கன்னியப்பன். சுத்து வலை போடறோம், மூணு பேரு சேந்து. இந்த ஊர்ல என்னத் தெரிஞ்சவரு பஷீர் பாய்."

பிடித்த கவிஞர் யார் என்றேன். அப்படி யாரையும் தெரியாது என்றார். அச்சில் வந்திருக்கிறதா என்றேன். இல்லை. எழுதுவீர்களா என்றேன். "ஒண்ணு வச்சிக்கினு கீறேன் சார்," என்று சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 'ரசிகர்' என்று எழுதினேன். யாரைக் கேட்டு எழுதினேன்? யாரையும் கேட்கவில்லை.

அவர் உட்காரவில்லை. மேஜை அருகே வந்து, "பேர எழுதிக்கினீங்களா? நான் எத்தினியாவது?" என்று கேட்டார். பதினேழு என்றேன். குனிந்து அந்த நம்பரைத் தன் கண்ணால் பார்த்தார். "செரி, வரும்போது வரட்டும்," என்று சொல்லிவிட்டுப் படி ஓரம் போய் உட்கார்ந்தார். இது என்ன ரேஷன் கடையா என்று நான் ஒரு ஜோக் அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்த மாதிரிதான் ஞாபகம்.

அதற்கப்புறம் பதினெட்டு வந்தார், அன்றைக்கே படித்தார். பத்தொன்பது வந்தார், படித்தார். இருபது தன் கவிதையைப் படித்துவிட்டு மச்சான் கவிதையையும் படித்தார். எங்கள் வட்டத்தில் முறை என்று ஒன்று கிடையாது. கனைக்கிறவருக்கு மேடை. நோட்டை முதலில் பிரிக்கிறவர் கவிஞர். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே? தெரியாதவர் ஒருவர் படி ஓரம் உட்கார்ந்திருந்தார்.

"ஒன்பது மாசமாவா காத்திருக்கீங்க? வாயத் திறந்து கேட்டிருக்கலாமே," என்றேன் நான். தப்பு செய்தவனுக்குத்தான் முதலில் குரல் உயரும்.

தேசப்பன் பதில் சொல்வதற்குள் பஷீர் பாய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பாய் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

"இன்னா தம்பி கேக்குறீங்க நீங்க? ஏரியில நல்லா எறா விழுற எடம் கொஞ்சம்தான். இன்னிக்கு யாரு வலை, நாளைக்கு யாரு வலைன்னு சீட்டுக் குலுக்கி ஊர் நோட்டுல எழுதி வச்சிருக்காங்க. புதுசா ஒருத்தன் சேந்தா ஊர் முன்னால நின்னு நைனா பேரச் சொல்லி, இன்னா வலைன்னு சொல்லி, தெரிஞ்சவங்க ஒருத்தர் பேரச் சொல்வான். நோட்டுல ஏத்துவாங்க. அப்புறம் அவன் முறை வர்ற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டான். தொறந்தா அசிங்கம். உங்க கிட்ட வந்து அதைத்தானே செஞ்சான்? நீங்க நம்பர் போட்டீங்க. அவன் நம்பினான். இப்ப அவனையே கேக்குறீங்க."

நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன், ஏதோ அதில் பதில் இருக்கிறது போல.

"எனக்கு முன்னால பதினாறு பேரு கீறாங்க சார்," என்றார் தேசப்பன். அவர் குரலில் கோபமே இல்லை. "அதுல அஞ்சு பேர நான் கண்ணாலயே பாக்கல. அவங்க முறை முடியாம எனக்கு எப்டி வரும்? அவங்க வரட்டும்னு இருந்தேன்."

அந்த ஐந்து பேர் யாரென்று நோட்டில் பார்த்தேன். ஒருவர் சேலத்துக்கு டிரான்ஸ்ஃபராகி இரண்டு வருடம் ஆகிறது. ஒருவர் கல்யாணத்தோடு கவிதையை விட்டார். மீதி மூன்று பேர் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. இவர்களுக்காகத்தான் ஒரு மனிதர் மாதாமாதம் ஏரியைக் கடந்து வந்து காத்திருந்தார்.

"உங்களுக்கு அப்புறம் வந்தவங்கள்லாம் படிச்சாங்களே?"

"விருந்தாளிங்கன்னு நெனச்சேன் சார். விருந்தாளி ஒண்ணு படிக்கலாம். இன்னிக்கு இவரு மூணு படிச்சிட்டாரு. அதான் கேட்டேன்."

மீஞ்சூர்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

வாசகர்களே, இதோடு போயிருந்தால் இதை ஒரு வேடிக்கைக் கதையாக எழுதியிருப்பேன். போகவில்லை.

அவர் சட்டைப் பையில் இருந்த அந்த ஒரு கவிதை எதைப் பற்றியது? இந்தக் கேள்வியை நான் பங்குனியில் கேட்டிருக்க வேண்டும். மார்கழியில் கேட்டேன்.

போன தை மாதம் ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரம் மணல் மூடி அடைத்துக்கொண்டது. கடல் தண்ணீர் உள்ளே வராவிட்டால் ஏரியில் இறாலும் வராது. குப்பங்களில் அடுப்பு எரிவது பாதியாகக் குறைந்தது. மனு எழுதிப் போட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. அப்போதுதான் பாய் தேசப்பனிடம் சொல்லியிருக்கிறார், எங்கள் மாடிக்குப் பெரிய மனிதர்களெல்லாம் வருவார்கள், நீ கட்டி வைத்திருப்பதை அங்கே வந்து சொல் என்று. அதற்காகத்தான் அவர் வந்தார். பெயருக்காக இல்லை, புனைபெயருக்காக இல்லை.

பாய் சொன்ன மாதிரியே வைகாசிக் கூட்டத்துக்கு ஒரு பெரிய மனிதர் வந்தார். இந்த மாதிரி மனுக்கள் கடைசியில் போய்ச் சேருகிற மேஜைக்குச் சொந்தக்காரரான அதிகாரி. கவிதை எழுதுவார். நான்தான் நடையாய் நடந்து சிறப்பு விருந்தினராக அழைத்து வந்தேன். ஏரியைப் பற்றி ஆறு கவிதைகள் படித்தார். ஏரியை வெள்ளித் தட்டு என்றார். அந்த மாதம் அந்தத் தட்டில் போட ஒன்றுமில்லை என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் உறைக்கவில்லை. தெரிந்த ஒரே மனிதர் ஆறடி தூரத்தில், கவிதையைப் பையில் வைத்துக்கொண்டு, கையில் டீ தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"அன்னிக்காவது கேட்டிருக்கலாமே தேசப்பன்," என்றேன். இந்த முறை என் குரல் உயரவில்லை.

"வாய் வரைக்கும் வந்துச்சு சார். ஆனா முறைய மீறி நான் நின்னா, நாளைக்கு என் வலைக்கு முன்னால எவனாச்சும் வந்து நிப்பான். அப்ப நான் இன்னான்னு கேப்பேன்?"

அவர் படித்திருந்தால் முகத்துவாரம் திறந்திருக்குமா? எனக்குத் தெரியாது. ஒரு கவிதையைக் கேட்டு எந்த மேஜையில் எந்தக் காகிதம் நகர்ந்திருக்கிறது? ஆனால் அந்த மனிதர் கேட்டிருப்பார். கேட்கவில்லை என்று இனி அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கேட்கவிடாமல் நடுவில் உட்கார்ந்திருந்தது என் நோட்டு.

"இப்பப் படிங்க," என்றேன். எல்லோரும் படிங்க படிங்க என்றார்கள். குற்ற உணர்ச்சி வந்தால் எங்கள் ஆட்கள் நல்ல ரசிகர்கள்.

தேசப்பன் காகிதத்தை எடுத்தார். மடிப்பில் கிழிந்து நாலு துண்டாகத் தொங்கியது. பார்த்துவிட்டுத் திரும்பவும் பையில் வைத்துக்கொண்டார்.

"வேணாம் சார். ஐப்பசி மழையில அது தானே தொறந்துக்கிச்சு. இப்பப் போயி அடச்சிக்கினு கீதுன்னு படிச்சா பொய்யாப் பூடும். அதுல ஒண்ணுமில்ல சார். வாய் மூடிக்கினு கீது, நாலு மண்வெட்டியோட ஆளு அனுப்புங்கன்னு இருக்கும். அவ்ளோதான்."

யாரும் கேட்காமலே சொன்னார்: "என் தம்பி, பொண்டாட்டி புள்ளைங்களோட பொழப்பு தேடி காசிமேட்டுக்குப் போனவன்தான். தொறந்தப்புறமும் வரல."

எனக்கு யார் மேல் கோபம்? மீஞ்சூர்காரர் மேல் இல்லை. அவர் எங்களைப் போன்றவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். வட்டத்துக்கு வருகிற பாதிப் பேருக்கு அறிமுகம்தான் கவிதை. கவிதை அதற்கு ஒரு பின்குறிப்பு. 'நான் யார் தெரியுமா' என்று முப்பத்தைந்து நிமிடம் சொல்கிறவனுக்கு நாற்காலி போடுகிறோம். நைனா பேரையும் வலை பேரையும் சொல்லிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தவனை டீ வாங்க அனுப்புகிறோம். இதற்குப் பெயர் இலக்கியம் என்று போர்டு வேறு எழுதி மாட்டியிருக்கிறோம். அந்த போர்டைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

தேசப்பன் கிளம்பும்போது சொன்னார்: "என் முறைய மீஞ்சூர் சாருக்குக் குடுத்துடுங்க. எங்க ஊர்ல அப்டி மாத்திக் குடுக்கலாம், தப்பில்ல. அவருக்குத்தான் அவசரம் போல."

இதில் கிண்டல் இருந்ததா என்று இன்று வரை யோசிக்கிறேன். இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

மீஞ்சூர்காரர் வாங்கிக்கொண்டார். அவரிடம் நாலாவது கவிதை கிடையாது. எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, முதல் கவிதையையே மறுபடி படித்தார். கைதட்டல் கிடைத்தது. நான் கைதட்டவில்லை; ஒன்பது மாதம் கழித்து வந்த ரோஷத்துக்கு என்ன மதிப்பு?

மறுநாள் அந்த ஐந்து கேள்விப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். அடுத்த கூட்டத்திலிருந்து புதிதாக வருகிறவரிடம் ஒரே கேள்விதான்: என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள்? சொன்னால் முதலில் அதைக் கேட்போம், பெயரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். தேசப்பனுக்கும் ஒரு கார்டு போட்டேன், முதல் முறை உங்களுடையது என்று. இன்னும் பதில் வரவில்லை. வராமல் போனாலும் குறை சொல்ல மாட்டேன். முகத்துவாரம் திறந்திருக்கிறது, இறால் வருகிற காலம், அவருக்கு அங்கே ஒழுங்கான ஒரு நோட்டில் முறை இருக்கிறது.

எனக்கு மறக்காதது வேறொன்று. அதிகாரி வந்த அன்று தேசப்பன் கொண்டுவந்த டீயை முதலில் எடுத்தவன் நான். சர்க்கரை கம்மி என்று அவரிடம் சொன்னேன்.