ஏழாவது எலி புரண்டது

நம்பினால் நம்புங்கள், கண்ணுங்களா. எண்ணூர்ப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில், பட்டப்பகலில் நடந்தது இது. கல்மண்டபத்து ஷம்ஷாத் வாயாலேயே கேட்டேன். அவளுக்குப் பொய் வராது. வம்பே அதனால்தானே வந்தது!

எலிக்கு இருட்டினால்தான் விழிப்பு. அதனால் அந்த எலி அறையில் பகலெல்லாம் இருட்டு, ஒரே ஒரு சிவப்பு பல்பு. எலிக்குத் தூக்க மருந்தை ஊசியில் ஏற்றி மல்லாக்கப் படுக்க வைப்பாள் ஷம்ஷாத். ஈரல் அந்த மருந்தை உடைத்துத் தீர்த்ததும் எலி தானே புரண்டு நாலு காலில் நிற்கும். சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளுக்கு மட்டும் ஈரலில் மருந்தை உடைக்கும் நொதிகள் மந்தம். அன்று ஆறு எலிகள் தாமதமாக எழுந்தன. ஏழாவது எழவே இல்லை.

"நல்ல எலிங்க எழுந்த நேரத்தையே இதுங்களுக்கும் போடு," என்றார் மேலாளர் ஜேக்கப்.

"அது தூங்கிக்கினு கீது சார். என் வூட்லயே ரெண்டு சக்கரைக்காரங்க கீறாங்க. நாளைக்கு இந்த மருந்த முழுங்கப் போறவங்க அவுங்கதான்."

"அப்போ நாளையிலருந்து வேலைக்கு வராத."

"சரி. நெஜத்த எழுதிட்டே போறேன்."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

மணி மூன்று பத்து. ஏழாவது எலி புரண்டது.

குனிந்து பார்த்தாள். கண் மூடியபடியே... கால்கள் துவண்டு கிடந்தன. தூங்குகிற எலி எப்படிப் புரளும்?

மல்லாத்தினாள்.

சரக்... மறுபடி குப்புற.

மறுபடி மல்லாத்தினாள். இப்போது அதன் விலா ரோமத்தில் ஒரு பள்ளம். விரல்நுனி அளவு. பார்க்கப் பார்க்க ஆழமானது...

பிடரியில் சில்லென்று ஒரு மூச்சு.

எலியைக் கையால் மூடிக்கொண்டாள்.

"யாரா இருந்தாலும் கைய எடு! நீ திருப்பினா நான் மல்லாத்திக்கினே இருப்பேன். யாரு ஜெயிக்கிறான்னு பாத்துரலாம், வா!"

பள்ளம் மெல்ல மறைந்தது.

'எழவில்லை' என்று எழுதித் தலைமை அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டு, நிமிர்ந்த தலையோடு வெளியே வந்தாள். கூண்டு கழுவும் மங்கை வழிமறித்தாள்.

"அந்த வெரலு உன் கண்ணுலயும் பட்டுச்சா?"

"யாருக்கா அது?"

"உனுக்கு முன்ன இங்க இருந்தாளே, வியாகுலம்மா. இந்த மேனேஜரு சொன்னாருன்னு ஒத்த வெரலால எலிய நெம்பி உட்டு, எழுந்துச்சுன்னு எழுதுவா. அவளுக்கும் சக்கரை. தூக்கமே வரலன்னு பொலம்புனா. இதே மருந்த மாத்திரையாக் குடுத்தாரு. 'பயப்படாத, உன் எலிங்கல்லாம் எழுந்துச்சில்ல'ன்னாரு."

"அப்பறம்?"

"காலைல புருசன் திருப்பித் திருப்பிப் போட்டிருக்கான்... போட்ட பக்கமே கெடந்தா."