பொருந்தலை என்று சொல்லாத மாமி

எங்கள் பக்கத்து மனிதர்கள் ஒரு வரனை வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். "ஜாதகம் பொருந்தலை." பெண் கொஞ்சம் கறுப்பு, பையனுக்குச் சம்பளம் போதாது, மாமியாருக்கு வாய் நீளம், உள்ளே எது காரணமானாலும் வெளியே வருவது இதுதான். சொல்கிறவர்களுக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். யாருக்கும் மனஸ்தாபம் வராது. ஸ்ரீரங்கத்தில் இந்தப் பொய்க்கு என் பேரையே எத்தனையோ குடும்பங்கள் இரவல் வாங்கியிருக்கின்றன. "உத்தர வீதி மாமாகிட்ட காட்டினோம், ரஜ்ஜுப் பொருத்தம் தட்டறதுன்னுட்டார்" என்பார்கள். நான் அந்த ஜாதகத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

நான் தொழில் ஜோசியன் இல்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் காலம் முழுக்க வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். ஜோசியம் நானாகப் புஸ்தகம் படித்துப் பிடித்துக்கொண்ட பைத்தியம். யாரிடமும் காசு வாங்க மாட்டேன். காசு வாங்காததாலேயே வந்தவர்களை அதட்டிப் பேசும் உரிமை எனக்கு உண்டென்று நினைத்திருந்தேன். பையன் குடிக்கிறான் என்று அழுதுகொண்டு வருவார்கள். பையன் யாரோடும் பேசாமல் அறையிலேயே கிடக்கிறான் என்று வருவார்கள். கல்யாணமே வேண்டாம் என்று அடம்பிடிக்கிறான் என்று வருவார்கள். நான் கட்டத்தைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் ஒரே மருந்துதான் எழுதிக் கொடுப்பேன்: "கல்யாணத்தைப் பண்ணி வைங்கோ. சரியாயிடும்." காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற கம்பவுண்டர் மாதிரிதான் நானும் இருந்தேன்.

சொந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போதுதான் என் வீராப்பு குறைந்தது. என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். இருபத்தொன்பது முடியப் போகிறது. வந்த ஜாதகங்களில் ஒன்று சித்திரை வீதிப் பையனுடையது. பெங்களூரில் உத்தியோகம். அப்பா கோயில் கோஷ்டியில் நின்று ஆழ்வார் பிரபந்தம் சேவிப்பவர், நாலு பேர் மதிக்கிற மனுஷர். நான் மூன்று தரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துக்கு எட்டு பொருத்தம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இப்போதெல்லாம் ஜாதகம் போனிலேயே வருகிறது, போனிலேயே போகிறது. நான் மட்டும் மகள் ஜாதகத்தை என் கையாலேயே தாளில் எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, போட்டோவையும் சேர்த்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர்கள் பதிலே சொல்லவில்லை. ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. கடைத்தெருவில் அந்த அப்பாவைப் பார்த்தால் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நழுவினார். வழக்கமான பொய்யை என்னிடம் சொல்ல முடியாதே. பொருத்தம் பார்க்கத் தெரிந்தவனிடம் போய்ப் பொருந்தலை என்றால் விடுவேனா? அதனால் முழிக்கிறார்கள் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்தப் பையனின் அம்மா எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். நான் எழுதிக் கொடுத்த தாள் அதற்குள் இருந்தது. என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அந்த மாமி காபியைத் தொடாமல் கவரை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஜாதகம் நன்னா பொருந்தியிருக்கு. எங்காத்துலயும் பார்த்தோம்" என்றாள்.

"அப்புறம் என்ன மாமி?"

"என் பிள்ளைக்குப் பொண்கள்கிட்ட மனசு போகாது. அவன் ஒரு பையனோட இருக்கான். நாலு வருஷமாறது. சும்மா ரூம்மேட்னு நினைச்சிண்டிருந்தோம். போன தீபாவளிக்கு வந்தப்போ எங்க ரெண்டு பேரையும் உட்கார வெச்சு அவனே சொல்லிட்டான்."

நான் ஒன்றும் புரியாதவன் மாதிரி அவளையே பார்த்தேன். புரியவில்லை என்று சொன்னால் பொய். நாட்டின் பெரிய கோர்ட் இது குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்ன மறுநாள், பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேருக்கு நடுவில் நான் அடித்த கேலி எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த விஷயத்துக்குப் பேப்பரில் ஒரு கௌரவமான பேர் போட்டிருந்தான். நாங்கள் அந்தப் பேரைக்கூடச் சொல்லாமல் "அந்த மாதிரி" என்று சொல்லிச் சிரித்தோம். அந்த மாதிரி ஒருவனுடைய அம்மா இப்போது நெற்றியில் ஸ்ரீசூர்ணக் கோட்டோடு என் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. கோபம் எப்போதும் எனக்கு முதலில் வரும், புத்தி பின்னால் நடந்து வரும். "ரெண்டு மாசமா எங்களைக் காக்க வெச்சுட்டு இப்ப வந்து சொல்றேளே" என்று கத்தினேன். அப்புறம், வாய்ப் பழக்கம், அதையும் சொன்னேன். "இதெல்லாம் ஒரு வயசுக் கோளாறு மாமி. பெங்களூர் சகவாசம். கல்யாணத்துக்கு உண்டான ஏழாம் இடம் பழுதில்லாம இருக்கு. கல்யாணத்தைப் பண்ணி வைங்கோ. சரியாயிடும்."

அந்த மாமி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை.

"உங்க பொண்ணை வெச்சுத்தானா மாமா சரி பண்ணிப் பார்க்கலாம்ங்கறேள்?"

சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. எந்தப் பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதே மறந்துபோய்ச் சொன்னவன் நான். பெற்ற அப்பன் எனக்கு மறந்துவிட்டது. ஊரார் வீட்டு அம்மாவுக்கு அது ஞாபகம் இருந்தது.

அவள் தொடர்ந்து பேசினாள். அவள் வீட்டுக்காரர் முதலில் ஒரு மாதம் பிள்ளையோடு பேசவில்லையாம். அப்புறம் அவரும் என்னைப் போலவே, ஒரு கல்யாணத்தைப் பண்ணிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று ஜாதகம் கேட்க ஆரம்பித்தாராம். பிள்ளை போனில் அழுதானாம். "என்னை விடும்மா, வரப்போறவ என்ன பாவம் பண்ணினா" என்றானாம். அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கமில்லை. என் பெண்ணின் போட்டோவை எடுத்து எடுத்துப் பார்த்தாளாம்.

"நீங்க இங்க வந்தது உங்காத்து மாமாவுக்குத் தெரியுமா?" என்று என் மனைவி கேட்டாள்.

"சொல்லிட்டுத்தான் வந்தேன். சொல்லாதே, பொருந்தலைன்னு சொல்லிடுன்னார். மாமாகிட்ட அது எடுபடாது. அப்படியே எடுபட்டாலும் அடுத்த மாசம் இன்னொரு ஜாதகம் வரும். எத்தனை பேர்கிட்ட சொல்றது? அதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க நாலு பேர்கிட்ட சொல்லுவேள். தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

என் வாய் எப்படிப்பட்டது என்று அளந்து வைத்துக்கொண்டு, அதன் வழியாகவே ஊருக்குத் தெரியட்டும் என்று முடிவு செய்து, அவள் சித்திரை வீதியிலிருந்து நடந்து வந்திருக்கிறாள். நாளைக்கு அவள் வீட்டுக்காரர் கோஷ்டியில் போய் நிற்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் ஒரு பார்வை பார்ப்பார். அவள் சன்னதிக்குப் போனால் பின்னால் குசுகுசுப்பு கேட்கும். அவ்வளவும் தெரிந்து வந்திருக்கிறாள். இவ்வளவு தைரியத்தை நான் அதற்கு முன்பு யாரிடமும் பார்த்ததில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. கொஞ்சம் தணிந்த குரலில்தான் கேட்டேன். "பெருமாள் இதை ஒத்துப்பாரா மாமி?"

"நம்ம பெருமாள் தினம் காலம்பற ரொட்டி அமுது செய்யறார், டில்லி சுல்தான் பொண்ணு துலுக்க நாச்சியாருக்காக. கைலி கட்டிண்டு திருமஞ்சனம் கண்டருள்றார். யாரும் அவரை ஆசாரம் கெட்டவர்னு சொல்லலையே. ஆசை வெச்சு வந்தவளுக்காக அவரே பழக்கத்தை மாத்திண்டிருக்கார். நான் பெத்த பிள்ளைக்காக மாத்திக்கப்படாதா?"

நான் பிறந்ததிலிருந்து இந்தக் கோயிலைச் சுற்றி வருகிறேன். அந்த ரொட்டியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். ஒருநாளாவது அதிலிருந்து எனக்கு இப்படி ஒரு யோசனை வந்ததில்லை. இதை எந்த உபன்யாசத்திலும் கேட்டதில்லை. அவளாகவே தூக்கமில்லாத நாட்களில் தேடி எடுத்திருக்கிறாள். நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. என் மனைவி பேசாமல் உள்ளே போய்க் குங்குமமும் பூவும் வெற்றிலை பாக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். சம்பந்தம் முறிந்துபோன வீட்டில் யாரும் யாருக்கும் வெற்றிலை பாக்கு கொடுத்து நான் பார்த்ததில்லை. மாமி அதை வாங்கிக்கொண்டு, ஆறிப்போன காபியையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனாள்.

அன்று மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னோம். அழுவாள் என்று நினைத்தோம்.

"நேர்ல வந்தே சொன்னாளா?" என்று கேட்டாள். "அப்பா, அந்த மாமி நம்பரை அனுப்புங்கோ. நான் பேசணும். பையன் போனாப் போறான், மாமியாரை விட்டுட்டோமே."

என் மனைவி சிரித்துவிட்டாள். என்னால் சிரிக்க முடியவில்லை. எனக்கு வேறு ஒரு பெண்ணின் ஞாபகம் வந்துவிட்டது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் தன் பிள்ளையின் ஜாதகத்தோடு என்னிடம் வந்திருந்தார். பிள்ளை வெட்டவெளிச்சமாகவே சொல்லிவிட்டான், எனக்குப் பெண்கள் மேல் ஆசை வராது, என்னைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று. அந்த அப்பா என் முன்னால் தேம்பி அழுதார். எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்தேதான் சொன்னேன், மூன்று மாதத்துக்குள் கல்யாணத்தை முடியுங்கள் என்று. அதோடு விட்டேனா? முசிறியில் எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண்ணின் ஜாதகத்தை நானே வாங்கிக் கொடுத்தேன். எட்டு மாதத்தில் அந்தப் பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். காரணம் எதுவும் அவள் சொல்லவில்லை. ஊர் காரணத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. "பொண்ணுக்கு அனுசரிச்சுப் போகத் தெரியலை" என்று முதலில் சொன்ன வாய் என்னுடையது.

நான் மட்டும் அன்றைக்கு அந்த அப்பாவிடம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எத்தனையோ பேர் என் பேரில் சொன்ன பொய்தானே, இந்தப் பெண்ணுக்காகவும் ஒரு தடவை ஜாதகம் பொருந்தலை என்று சொல்லியிருக்கலாம். அவள் தப்பித்திருப்பாள். அவனும் தப்பித்திருப்பான். சித்திரை வீதி மாமி என் பெண்ணைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டாள். நான் இன்னொருவர் பெண்ணைக் கொண்டுபோய்த் தள்ளியிருக்கிறேன்.

நாலு நாள் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. ஐந்தாம் நாள் டோல்கேட்டில் முசிறி பஸ் ஏறினேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழி நெடுகப் பாடம் பண்ணிக்கொண்டே போனேன். ஜன்னலுக்கு வெளியே வாழைத் தோப்பு முடிந்து காவிரி வந்தது, காவிரி மறைந்து மறுபடி வாழை வந்தது. பாடம் பண்ணியது ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

அந்தப் பெண் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா காலமாகி, அம்மாவோடு இருக்கிறாள். ஸ்கூல் விட்டு வரும் வரை காத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, "வாங்கோ மாமா" என்று சேரை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த மரியாதை எனக்கு நெருப்பாகச் சுட்டது.

நான் சுற்றி வளைக்கவில்லை. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அந்தப் பையனுக்குப் பொண்கள் மேல ஆசை வராதுன்னு எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். அவன் அப்பா என்கிட்ட சொல்லி அழுதார். தெரிஞ்சேதான் உன் ஜாதகத்தைக் கொடுத்தேன். உன் மேல ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னோடது" என்றேன்.

அவள் தோளில் மாட்டியிருந்த பையைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"பதினோரு வருஷமா நான் பார்க்க நன்னா இல்லைன்னு நினைச்சிண்டிருந்தேன் மாமா" என்றாள்.

என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவள் கண்ணில் இல்லை. தலையிலிருந்து ஏதோ பாரத்தை இறக்கினவள் போல இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுவரில் இருந்த கண்ணாடிப் பக்கம் அவள் பார்வை ஒரு தரம் போய் வந்தது. அப்புறம் என்னிடம் கேட்டாள்.

"பாவம், அவருக்கும் எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும். ராத்திரியெல்லாம் தூங்காம உட்கார்ந்திருப்பார். கேட்டா ஒண்ணுமில்லைம்பார். இப்ப அவர் எங்க இருக்கார் மாமா? நன்னா இருக்காரா?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அதை ஒரு தடவைகூட நான் விசாரித்ததில்லை.