எனக்காகக் கிளறிய அல்வா

என் கணவனை இந்தப் பக்கங்களில் 'அவன்' என்றுதான் எழுதப் போகிறேன். போர்ட் பிளேரில், லம்பா லைனில் குடித்தனம் நடத்திய காலத்தில் 'என்னங்க' என்றும் 'அவர்' என்றும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மரியாதையை அவனே கழற்றிப் போட்டுவிட்டுப் போனான். நான் எடுத்து மாட்டிவிடப் போவதில்லை.

அவன் டீசல் மெக்கானிக். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் இருவர் குடும்பமும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறித் தீவுக்கு வந்தவை. கல்யாணமான சில வருஷங்களில் ஈரானில் ரோடு போடும் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பம்பாய்க்குப் போனான். இரண்டு வருஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லித் தன் அம்மாவை என்னிடம் ஒப்படைத்தான். முதல் வருஷம் கடிதம் வந்தது. பிறகு நின்றுபோனது.

மாமியார் குறை சொல்லவில்லை. மெட்ராஸ் கப்பல் வருகிற நாளெல்லாம் குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு ஹேடோ ஜெட்டிக்குக் கிளம்பிவிடுவார். இறங்குகிறவர்கள் எல்லாரும் இறங்கி முடிந்து, கூலிகள் மூட்டை இறக்க ஆரம்பித்த பிறகுதான் திரும்புவார். "இந்தக் கப்பல்ல டிக்கெட் கெடச்சிருக்காது" என்பார். அடுத்த கப்பலுக்கும் அதே காரணம். கால் வீங்கி நடக்க முடியாமல் போன பிறகு என்னை அனுப்பினார். நான் டூட்டி மாற்றிக்கொண்டு போய் நின்றேன். ஜெட்டியில் எல்லாருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. "ஆஜ் பி நஹி ஆயா?" என்று டிக்கெட் கிழிக்கிறவர் கேட்பார். இன்றைக்கும் வரவில்லையா என்று. தலையை ஆட்டிவிட்டு வருவேன்.

ஒரு மழைக்காலத்தில் மாமியார் இறந்தார். கடைசி இரண்டு நாள் என்னைப் பார்த்து "வந்துட்டியாப்பா" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். கம்பெனி விலாசத்துக்குத் தந்தி அடித்தேன். பதில் இல்லை. கொள்ளி வைக்க ஆள் இல்லாமல் வாசலில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றபோது, எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார். "ஃபிக்கர் மத் கரோ, பெஹன். கவலப்படாதே தங்கச்சி, நான்தான் மகன்" என்றார். கொட்டுகிற மழையில், நனைந்த விறகில் மண்ணெண்ணெயை ஊற்றி ஊற்றி அவர் எரித்தார். பெற்ற மகன் எங்கே இருந்தான் என்று அன்று எனக்குத் தெரியாது.

சில மாதங்களில் தெரிந்தது. ஈரானில் அதே கம்பெனியில் வேலை பார்த்துத் திரும்பிய மலையாளி ஃபிட்டர் ஒருவர் கையில் காயத்துக்குக் கட்டுப்போட ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் விசாரித்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"சேச்சி, உங்களுக்கு மாலூம் இல்லையா? அவன் அங்கே ஷாதி பண்ணிட்டான், வேற கல்யாணம். யஸ்து பக்கம் ஒரு கிராமத்துல. கம்பெனி போயிருச்சு, அவன் அங்கேயே நின்னுட்டான். கிராமத்துக்கு டீசல் பம்பு ஓட்டுறான்."

கட்டுத்துணியை முடிச்சுப் போட்டு முடித்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு அழுகை வரவில்லை என்பதை நானே கவனித்தேன். அவன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அந்த வருஷங்களில் ஈரான் ஆஸ்பத்திரிகளுக்கு நம் நாட்டு நர்ஸுகளை நிறைய எடுத்தார்கள். எழுதிப் போட்டேன், கிடைத்தது. யஸ்து நகரத்திலேயே வேலை கேட்டு வாங்கினேன். கூட வந்த பெண்கள் வீடு கட்டவும் தங்கைக்குக் கல்யாணம் செய்யவும் வந்திருந்தார்கள். நான் எதற்கு வந்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பாஷை நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. எங்கள் தீவு ஹிந்தியில் பாதி வார்த்தை அங்கே இருந்தது. கதவுக்குத் தர்வாஜா, நிலத்துக்கு ஜமீன், புதுசுக்குத் தாஜா. உச்சரிப்புதான் வேறு. உயிரோடிருப்பவன் ஜிந்தே, செத்தவன் முர்தே. நோயாளிகளின் படுக்கைப் பக்கத்திலேயே கற்றுக்கொண்டேன். ஓரளவு பேச வந்த பிறகு, ஒரு வியாழக்கிழமை லீவு போட்டு மினிபஸ் ஏறினேன்.

மரம் என்று ஒன்றைப் பார்க்காமல் அவ்வளவு நேரம் நான் பிரயாணம் செய்ததே இல்லை. எங்கள் தீவில் ஒரு வாரம் வெட்டாமல் விட்டால் வாசலைக் காடு மூடிவிடும். அங்கே மண், மண்ணுக்குப் பின்னால் உப்பு, உப்புக்குப் பின்னால் நிறமே இல்லாத மலை. உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. இந்த நெருப்பிலா வந்து ஒளிந்துகொண்டான் என்று நினைத்தேன். என் பக்கத்தில் கோழியோடு உட்கார்ந்திருந்த கிழவர் என் புடவையைப் பார்த்து, "ஹிந்தியா? எங்கள் ஊரில் ஒரு ஹிந்தி இருக்கிறான், நல்ல பையன்" என்றார். இந்தியாவிலிருந்து வருகிற எல்லாருக்கும் அங்கே அதுதான் பெயர்.

கிராமம் மொத்தமே முப்பது நாற்பது வீடுகள்தான். எல்லாம் மண். கூரைகள் கவிழ்த்த பானை மாதிரி உருண்டையாக இருந்தன. மண்சுவர்களுக்குள் மாதுளைத் தோட்டங்கள். பூமிக்கடியிலிருந்து வந்த ஒல்லியான வாய்க்கால் ஒன்று தெருவோடு ஓடியது. ஊர்க்கோடியில் பம்பு ஓடும் சத்தம் கேட்டது. எஞ்சின் அவன் கையில் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும்.

கிழவரே என்னை அந்த வீட்டில் கொண்டுபோய் விட்டார். கதவைத் திறந்தவள் என்னைவிடச் சின்னவள். ரோஜாக் கன்னமும் விரல் நுனிகளில் கம்பளம் நெய்த காய்ப்புமாக இருந்தாள். "ஹிந்தியா! என் புருஷனும் ஹிந்தி!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். அவன் பம்பை நிறுத்திவிட்டு மாலையில்தான் வருவானாம். நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஊர் பார்க்க வந்தேன் என்றேன். கண்ணாடி கிளாஸில் டீ வைத்தாள். சர்க்கரைக்கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு குடிக்கவேண்டும் என்று சிரித்துச் சிரித்துக் காட்டிக்கொடுத்தாள். அவளை வெறுக்கத்தான் நான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். அவள் அதற்கு இடமே கொடுக்காதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுப்பில் கோதுமை மாவை வறுத்து அல்வா கிளறிக்கொண்டிருந்தாள். குங்குமப்பூவும் பன்னீரும் மணத்தன.

"யாருக்கு?" என்றேன்.

"வியாழக்கிழமையில்லையா? செத்தவர்களுக்குச் செய்து ஊருக்குக் கொடுப்போம். இது என் புருஷனுடைய முதல் மனைவிக்கு. பாவம், கப்பல் மூழ்கிச் செத்துவிட்டாள். உடம்புகூடக் கிடைக்கவில்லையாம். கல்லறை இல்லாதவளை வேறு யார் நினைப்பார்கள்? அதனால் ஒவ்வொரு வாரமும் நான் செய்கிறேன்." கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "கடல் எவ்வளவு பெரியது? நம் குளத்தைப் போல நூறு இருக்குமா?"

"அதைவிடப் பெரியது" என்றேன்.

ஒரு சின்னத் தட்டில் அல்வாவை வைத்து என் கையில் கொடுத்தாள். "சாப்பிட்டு அவளுக்காக ஒரு வார்த்தை சொல்லு." சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அல்வா கொடுப்பது என்றால் நம் ஆட்கள் பிற்காலத்தில் ஏமாற்றுவது என்று அர்த்தம் வைத்தார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தட்டுதான் ஞாபகம் வரும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் வரட்டும், ஊரும் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வெயில் தாழ்ந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து முற்றத்தில் உட்கார்ந்தார்கள். அவளுடைய அப்பா வந்தார். பம்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் அவன் கையில் கிரீஸோடு வாசலில் குனிந்து நுழைந்தான். தொப்பை போட்டிருந்தது. மீசையை எடுத்திருந்தான்.

"பாருங்கள், உங்கள் ஊர் விருந்தாளி!" என்றாள் அவள்.

அவன் என்னைப் பார்த்தான். கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்த துணி கீழே விழுந்தது. நான் எழுந்து நின்று, கூடியிருந்த பெண்களைப் பார்த்து, பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்த பாரசீகத்தில் சொன்னேன்: "அந்த முதல் மனைவி நான்தான். மன் ஜிந்தே அம். நான் உயிரோடு இருக்கிறேன்."

பிறகு தமிழில் அவனிடம் திரும்பினேன். கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக அவனை 'நீ' என்றேன். "எந்தக் கப்பல்ல நான் மூழ்கினேன்? சொல்லு. பேர் சொல்லு. உன் வாயால இவங்ககிட்ட சொல்லு."

"இங்க வேணாம்... தனியாப் பேசிக்கலாம்" என்றான்.

"தனியா நாலு வருஷம் பேசியாச்சு."

அவளுடைய அப்பா அவனிடம் ஒரே கேள்விதான் கேட்டார். உண்மையா என்று. அவன் தலை குனிந்தான். அவர் செருப்பைக் கழற்றி ஊர்ப் பெண்கள் முன்னால் அவன் முகத்தில் அடித்தார். மறுபடி அடித்தார். எனக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. அவ்வளவு வெயிலில் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே குளிர்ச்சி அதுதான்.

ஆனால் அவள் அவனிடம் போகவில்லை. நேராக என்னிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "உனக்காக எத்தனை வியாழக்கிழமை அழுதிருக்கிறேன் தெரியுமா? அதைத் திருப்பிக் கொடு" என்றாள். அல்வாச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் கோழிகளுக்குக் கொட்டினாள். அன்று ராத்திரி எனக்கு அவளுடைய அப்பாவின் தங்கை வீட்டில் ரொட்டியும் தயிரும் கொடுத்துப் படுக்கை போட்டார்கள்.

காலையில் மினிபஸ்ஸுக்கு நின்றபோது அவன் வந்தான். உதடு வீங்கியிருந்தது. ராத்திரியெல்லாம் பம்பு ஷெட்டில் இருந்தானாம். என் மேல் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கேட்டது வேறு.

"அம்மா எப்படி இருக்கு?"

அந்தச் செய்தியை நான் தீவிலிருந்து சுமந்துகொண்டு வந்திருந்தேன். ஊர் முன்னால் அவமானப்படுத்திவிட்டு, கடைசி அடியாக அதைச் சொல்லிவிட்டு பஸ் ஏறவேண்டும் என்பதுதான் என் கணக்கு. வாயைத் திறந்தேன். அவன் கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது. இப்போது சொன்னால் இங்கேயே அழுது தீர்த்துவிடுவான், பத்து நாளில் ஆறிவிடும் என்று தோன்றியது. மழையில் அந்த விறகு பிடிக்காமல் புகைந்தது கண்ணில் வந்தது.

"நல்லா இருக்காங்க" என்றேன். மறுபடி 'நீங்க' போட்டேன். "கண்ணுதான் கொஞ்சம் மங்கல். உங்க பேரச் சொல்லாத நாள் இல்ல. இன்னமும் கப்பல் நாள்ல ஜெட்டிக்குப் போறாங்க."

அவன் சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதான். "நான் வர்றேன்னு சொல்லு. எல்லாத்தையும் முடிச்சிட்டு வந்துடறேன். அம்மா கால்ல விழுறேன்."

"நேர்ல வந்தே சொல்லுங்க. அவங்களுக்கு அதுதான் சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். திரும்பும் வழியில் அந்தப் பாலைவனம் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

ஈரானில் கலவரம் தொடங்கிய சமயம் என் ஒப்பந்தம் முடிந்து நான் லம்பா லைனுக்குத் திரும்பினேன். எதிர்வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வந்தால் வழியில் யாரும் சொல்லாமல் வீடு வரைக்கும் விடவேண்டும் என்று கேட்டேன். "பெஹன், கொள்ளி வெச்சவன் நான். என்னைப் பொய் சொல்லச் சொல்லாதே. கேட்டா உண்மையச் சொல்வேன். கேக்கலேன்னா வாய் திறக்க மாட்டேன்" என்றார். எனக்கு அது போதும்.

சில மாதங்களில் வந்தான். ஜெட்டியிலிருந்து டாக்ஸி வைத்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் வந்தான். தெருவிலிருந்தே "அம்மா" என்று கூப்பிட்டது எனக்குச் சமையலறையில் கேட்டது. தோளில் ஒரு கம்பளிப் போர்வை. மாமியாருக்கு. இந்தத் தீவின் புழுக்கத்தில் யார் போர்த்துவார்கள் என்றுகூட அவனுக்கு மறந்துவிட்டிருந்தது.

கூடத்துச் சுவரில் மாமியார் படம், மாலையோடு. அதன் முன்னால் நின்றான்.

"எப்ப?" என்றான் கடைசியில்.

"நான் அங்க வர்றதுக்கு முன்னாடியே."

புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "அன்னிக்கு ஏன் சொல்லல?"

"வழி நெடுக உங்களுக்கு ஒரு அம்மா இருக்கட்டுமேன்னுதான்."

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நிறைய வைத்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் வந்து அவன் தோளைத் தொட்டு எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். கடற்கரையில் மொட்டை போட்டு, எரித்த இடத்தைக் காட்டி, செய்ய வேண்டியதைச் செய்யவைத்தார். என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. அன்றைக்கே அவனுடைய பெட்டியை வெளியில் எடுத்து வைத்தேன். அடுத்த போட்டில் தீவின் வடகோடியில் இருக்கிற மாயாபந்தர் போனான். அங்கே ஒரு மர மில்லில் எஞ்சின் ஓட்டுகிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் செய்தது அதிகம் என்று எதிர்வீட்டுக்காரர் நினைத்தார். சில வாரம் என்னோடு பேசவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருத்தி, "மன்னிச்சிருக்கலாமே" என்றாள். யாரை என்று கேட்டேன். அந்தப் பாலைவனத்துப் பெண்ணை நினைத்தால் இப்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அவளுடைய கண்ணீரைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அவனை நினைத்தால் எதுவும் இல்லை.

அவன் போட் ஏறிய அன்று மார்க்கெட்டில் நல்ல சூறை மீன் வந்திருந்தது. வாங்கி வந்து, மிளகாய் அரைத்துத் தடவி, சட்டி நிறையப் பொரித்தேன். வாசனை தெருவுக்குப் போயிருக்கும். எதிர்வீட்டுக்காரரின் மனைவி வந்து கதவில் நின்றாள். "இன்னிக்கா மீன் பொரிக்கிற?" என்றாள், அவளுடைய அரைத் தமிழில்.

"ஆமா."

பிறகு உள்ளே வந்து மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நனைஞ்ச விறகோட அன்னிக்கு என் புருஷன் பட்ட பாடு எனக்குத் தெரியும்" என்றாள். "ஒரு துண்டு எனக்கும் போடு."